பயிற்சி அழைப்பு

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மேடம். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த அறை ஜன்னலின் தாழ்ப்பாளில் இரண்டு திருகாணி இல்லை. ஒரு ஸ்கேலை வைத்து நெம்பினால் வெளியிலிருந்தே திறந்துவிடலாம். வாசலில் நிற்கும் காவலரிடம் சொன்னேன், "போலீஸ் ஸ்டேஷன்ல யாரு திருட வரப்போறா" என்று சிரித்தார். எங்கள் தெருவிலும் எல்லாரும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நான் குழுவை ஆரம்பிக்கும்வரை.

நீங்கள் மிரட்டித்தான் என்னிடம் பதில் வாங்க வேண்டும் என்பதில்லை. முப்பத்தொரு வருஷம் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்தவன் நான். கேள்வியின் அருமை எனக்குத் தெரியும். தண்ணீர் வரவில்லை என்றும், வந்த தண்ணீர் நாறுகிறது என்றும், கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்த்துக் கத்துவார்கள். குழாயைத் தோண்டியவன் நானில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். ஒருவர்கூட என் பெயரைக் கேட்டதில்லை. "இந்தாப்பா" என்பார்கள். கோபம் தலைக்கேறினால் அதுவும் கிடையாது. நான் குரலை உயர்த்தியதே இல்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பேன். அதைவிட மரியாதையான பதில் ஆபீஸில் கிடையாது.

ஓய்வு பெற்ற ஆறாவது மாதம், எங்கள் கட்டடத்தின் கீழே நின்ற ஒரு சைக்கிள் காணாமல் போனது. சைக்கிள்காரர் அரை மணி நேரம் புலம்பிவிட்டு மறந்துவிட்டார். என்னால் மறக்க முடியவில்லை. அந்த வாரமே விழிப்புக் குழுவைத் தொடங்கினேன். செயலாளர் நான். தலைவர் நாற்காலியைக் காலியாக விட்டுவைத்தேன், தகுதியான ஆள் கிடைக்கட்டும் என்று. இன்னும் கிடைக்கவில்லை.

முதல் கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு விசில் கொடுத்தேன். அவசரத்துக்கு உதவும் என்று பதினோரு வீட்டுக்காரர்கள் மாற்றுச் சாவியை என்னிடம் கொடுத்துவைத்தார்கள். அவற்றை எண் போட்டு எங்கள் கூடத்தில் ஒரு பலகையில் மாட்டினேன். ஆறு மாதத்தில் கூட்டம் ஒன்பது பேராகச் சுருங்கியது. அந்த ஒன்பதில் ஒருத்தி என் மனைவி. இரண்டு பேர் தங்கள் வீட்டு மின்விசிறி ஓடாததால் வந்தவர்கள்.

காரணம் என்னவென்றால், திருட்டே நடக்கவில்லை. சைக்கிளுக்குப் பிறகு ஒரு துடைப்பம்கூடக் காணாமல் போகவில்லை. இது குழுவின் சாதனை என்று நோட்டீஸ் ஒட்டினேன். சைக்கிளை எடுத்துப் போனது சைக்கிள்காரரின் மைத்துனர் என்பது பிறகு தெரியவந்தது. அதை நோட்டீஸில் போடவில்லை. ஜனங்களைக் குழப்பக் கூடாது.

பயம் விட்டுப்போனால் கவனமும் விட்டுப்போகும், மேடம். அதனால் செயல்முறைப் பயிற்சியில் இறங்கினேன். பூட்டாமல் கிடக்கும் வீட்டுக்குள் சத்தமில்லாமல் நுழைவேன். ஒற்றைச் செருப்பையோ டிவி ரிமோட்டையோ எடுத்துக்கொண்டு, மேஜை மேல் ஒரு சீட்டு வைத்துவிட்டு வருவேன். 'நான் திருடனாக இருந்திருந்தால்?' என்று அச்சடித்த சீட்டு. மாலையில் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பத்து நிமிஷம் விளக்குவேன். யாரும் நன்றி சொல்லவில்லை. இரண்டாவது மாடியில் ஒரு பெண், குளித்துவிட்டு வந்தவர், கூடத்தில் என்னைப் பார்த்துவிட்டு அலறினார். அலறினாரே தவிர விசிலை ஊதவில்லை. அந்தக் குறையை அடுத்த கூட்டத்தில் பெயர் சொல்லாமல் சுட்டிக்காட்டினேன். அதன் பிறகு அவர் வரவில்லை.

இப்போது பல்லக்காவைப் பற்றிச் சொல்கிறேன்.

பல் டாக்டர் ஒருவரிடம் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவர். எங்கள் பகுதியில் பாதிப் பேரின் கடைவாய்ப் பல்லை அவருக்குத் தெரியும். அதனால் பிள்ளைகள் வைத்த பெயர், பல்லக்கா. எனக்கு அடுத்த வீடு. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு, அதன் மாற்றுச் சாவியும் என் பலகையில் உண்டு. என் படுக்கையறைக்கும் அவருடைய கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே ஸ்பூன் விழுந்தால் இங்கே கேட்கும். கணவர் இல்லை. ஒரே மகள் வெளிநாட்டில். சர்க்கரை வியாதிக்குத் தினமும் தானே ஊசி போட்டுக்கொள்வார். எப்போதும் சிரித்த முகம். வாயைத் திறந்துகொண்டு கிடப்பவர்களிடமே பேசிப் பழகியவர் அல்லவா, எதிரில் இருப்பவருக்கும் பேச ஏதாவது இருக்கும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. பதினெட்டு வருஷம் பக்கத்து வீட்டுக்காரர்கள். நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவர்தான் முடிப்பார், அதுவும் தப்பாக.

தொலைபேசி மோசடிகளைப் பற்றி நான் வகுப்பெடுத்த அன்று அவரும் வந்திருந்தார். அதிகாரி போலப் பேசுவார்கள், பார்சல் பிடிபட்டது என்பார்கள், வீட்டை விட்டு நகராதே என்பார்கள், நம்பாதீர்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நடுவில் அவர் கையைத் தூக்கினார்.

"செக்ரட்டரி சார், ஒண்ணு கேக்கலாமா? நீங்க சொல்றதையெல்லாம் கேட்டா திருடனை நெனச்சு பயமே வரல. உங்களப் பாத்துதான் பயமா இருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். மின்விசிறி கேஸ்கள் இரண்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நானும் சிரித்தேன். அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். அது வயிற்றுக் கோளாறு.

அதற்கு இரண்டு வாரம் கழித்துத்தான் பயிற்சி அழைப்புத் திட்டத்தை ஆரம்பித்தேன். புதிய எண் ஒன்று, பழைய போன் ஒன்று. நானே மோசடிக்காரனைப் போலப் பேசுவது, யார் ஏமாறுகிறார்கள் என்று பார்ப்பது, பிறகு விஷயத்தைச் சொல்லித் திருத்துவது. முதலில் சைக்கிள்காரரை அழைத்தேன். அவர் என் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்து, ஓய்வு பெற்ற தபால்காரர். "கொஞ்சம் லைன்ல இருங்க" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். மூன்றாவது அம்மாள், நான் வாயைத் திறப்பதற்குள், "நம்ம செக்ரட்டரி இதப்பத்தி கிளாஸே எடுத்துட்டாரு, வைடா" என்றார்.

ஆக, ஜனங்கள் விழிப்பாகத்தான் இருந்தார்கள். அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் பல்லக்காவை அழைத்தேன். பத்து நிமிஷத்தில் முடிப்பதாகத்தான் திட்டம். குரலை மாற்றவே இல்லை. சற்று அழுத்தமாகப் பேசினேன், அவ்வளவுதான். அடையாளம் தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். என் குரலை அவர் காதில் வாங்கியிருந்தால்தானே தெரிவதற்கு.

"விசாரணை அதிகாரி பேசறேன். போன வாரம் வெளிநாட்டுக்கு ஒரு பார்சல் அனுப்பினீங்களா?"

"ஆமா, என் பொண்ணுக்கு."

"அதுல என்ன இருந்துச்சு?"

"ரெண்டு சுடிதாரு, பேரனுக்கு ஒரு ஸ்வெட்டரு. நானே பின்னினது."

"ஸ்வெட்டருக்குள்ள இருந்தது என்னன்னு நாங்க பாத்துட்டோம்மா."

பார்சல் விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அதை மாடியிலிருந்து இறக்கிக் கூரியர்காரரிடம் கொடுக்க உதவியவன் நான். பயிற்சி நிஜம்போல இருந்தால்தான் பலன். நிஜத்தைக் கொஞ்சம் கலக்காவிட்டால் சைக்கிள்காரரிடம் ஆனதுபோல ஆகிவிடும்.

மறுமுனையில் பேச்சே இல்லை. பதினெட்டு வருஷத்தில் அவர் பேசாமல் இருந்து நான் கேட்டது அப்போதுதான். பிறகு மெல்ல, "ஐயா, நான் ஒண்ணும் பண்ணலீங்க ஐயா" என்றார்.

எதிரில் இருப்பவர் ஐயா என்று சொல்லும்போது ஒரு மாதிரி இருக்கிறது, மேடம். உங்களுக்கு அது தினமும் கிடைப்பதால் தெரியாது.

போனைத் துண்டிக்கக் கூடாது, வெளியே போகக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்றேன். மூச்சு விட்டால் மகளுக்கு அந்த ஊரில் வேலை போய்விடும், பேரனின் படிப்பும் நின்றுவிடும் என்றேன். அதை அந்த நேரத்தில் யோசித்துச் சொன்னதுதான். போனைச் சார்ஜரில் போட்டு ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். அவர் செய்வது சுவர் வழியாகவும் கேட்டது, போன் வழியாகவும் கேட்டது. நாற்காலியை இழுத்தால் இரண்டு தடவை கேட்கும். நான் மட்டும், குழு வேலை என்று மனைவியிடம் சொல்லி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைத் தாண்டாதபடி மெல்லப் பேசினேன்.

பத்து நிமிஷம் ஆனது. நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் கேட்டார், "ஐயா, பாத்ரூம் போயிட்டு வரலாமா?"

யோசித்துப் பாருங்கள். அறுபத்து நான்கு வயதுப் பெண்மணி, ஊரையே வாய் திறக்க வைத்தவர், என்னிடம் அனுமதி கேட்கிறார். மூன்று நிமிஷம் கொடுத்தேன். இரண்டே நிமிஷத்தில் திரும்பி வந்து, "வந்துட்டேங்க ஐயா" என்றார். எந்தக் கூட்டத்திலும் இவ்வளவு ஒழுங்கான உறுப்பினரை நான் பார்த்ததில்லை. இவ்வளவு நன்றாகப் போகும் வகுப்பைப் பத்து நிமிஷத்தில் முடிக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

நான் சாப்பிடப் போகும்போது, மேலதிகாரி கேட்டுக்கொண்டிருக்கிறார், அசையாதே என்று சொல்லிவிட்டுப் போனை அலமாரியில் துணிக்கு நடுவில் வைத்துவிடுவேன். தூங்கும்போதும் அப்படித்தான். புதன்கிழமை காலை என் மனைவி காபி கொண்டுவந்தவள் அப்படியே நின்றாள்.

"என்னங்க, அலமாரிக்குள்ள யாரோ பேசற மாதிரி இல்ல?"

"பக்கத்து வீட்டு டிவி" என்றேன். பக்கத்து வீடு என்றது பொய்யில்லை.

அன்று பதினொன்றரைக்குப் பல்லக்கா ஊசி மருந்து தீர்ந்துவிட்டது என்றார். தெருமுனை மருந்துக் கடைக்குப் போய் ஐந்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்றார். "காலைல போடவேண்டியது ஐயா. போடலன்னா தலை சுத்தும்" என்றார்.

நான் என்ன சொன்னேன் என்று உங்கள் குறிப்பில் இருக்கும். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றேன். வாய்ப் பழக்கம். முப்பத்தொரு வருஷம் அதைச் சொல்லி ஒரு ஆள் செத்ததில்லை.

மாலையில் வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் குடிக்க அனுமதி கேட்டார். கொடுத்தேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் கொடுத்தேன். எத்தனை தடவை கேட்டாரோ அத்தனை தடவையும் கொடுத்தேன். நான் கல்நெஞ்சக்காரன் இல்லை.

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ விழுந்தது. கனமான சத்தம். நாற்காலியும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும். "லைன்ல இருக்கீங்களா?" என்றேன். என் குரல் சுவருக்கு அப்பாலிருந்து எனக்கே கேட்டது, ஸ்பீக்கரில். "லைன்ல இருக்கீங்களாம்மா?" அந்த வீட்டுக்குள் நான் நின்று பேசுவதுபோல இருந்தது. பதில் இல்லை.

என் மனைவி ஓடிவந்தாள். "பக்கத்துல என்னமோ விழுந்துச்சு. மூணு நாளா அக்கா வெளியவே வரல. சாவியக் குடுங்க, ஒரு எட்டு பாத்துட்டு வரேன்."

"காரணம் இல்லாம அடுத்தவங்க வீட்டுக்குள்ள நுழையக் கூடாது" என்றேன். பலகையிலிருந்து அந்தச் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் என் சட்டைப் பையைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். வீடுவீடாய் நுழைந்து சீட்டு வைத்துவிட்டு வந்தவன் இதைச் சொல்கிறானே என்று நினைத்திருப்பாள். அது பயிற்சி, இது வேறு. பெண்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாது.

நானும் போய்ப் பார்க்கத்தான் நினைத்தேன். ஆனால் விழுந்த உடனே போய் நின்றால், உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பார்கள். திட்டம் அம்பலமானால் குழுவுக்குக் கெட்ட பெயர். குழு பெரிதா, நான் பெரிதா என்று பார்த்தேன். குழுதான் பெரிது.

ஐந்து மணிக்கு மகள் என் மனைவிக்குப் போன் செய்தாள். மூன்று நாளாக அம்மாவின் எண் பிஸியாகவே இருக்கிறது என்று அழுதாள். என் மனைவி என் முன்னால் வந்து கையை நீட்டினாள். சாவியைக் கொடுத்தேன். அதற்கு முன்பே அழைப்பையும் துண்டித்துவிட்டேன்.

அவள் உள்ளே போய்ப் பல்லக்காவின் தலையைத் தூக்கி மடியில் வைத்திருக்கிறாள். உயிர் இருந்தது. கண்ணைத் திறந்து, மேஜை மேல் இருந்த போனைக் காட்டி, "அத வெச்சிடாதீங்க. அவரு கோவிச்சுக்குவாரு" என்றாராம். ஆம்புலன்ஸில் பார்சல், விசாரணை அதிகாரி என்று முனகிக்கொண்டே போனாராம். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் போய்விட்டார். இரண்டு நாள் ஊசி போடாததால் என்று டாக்டர் சொன்னார். நல்ல டாக்டர், விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார்.

இரங்கல் கூட்டத்துக்கு அறுபத்திரண்டு பேர் வந்தார்கள். நாற்காலி பத்தவில்லை. நான்தான் பேசினேன். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் துண்டியுங்கள், ஒரு நொடி யோசிக்காதீர்கள் என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. குளித்துவிட்டு வந்து அலறிய பெண்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு புது விசில் கேட்டு வாங்கிப்போனார். அன்றைக்கு மட்டும் பத்தொன்பது புதிய உறுப்பினர்கள். பல்லக்கா உயிரோடு இருந்து செய்ததைவிட அதிகம் என்று சொன்னால் தப்பாகக் கேட்கும், அதனால் சொல்லவில்லை.

நீங்களும் முதலில் என்னிடம்தான் வந்தீர்கள், நினைவிருக்கிறதா? இந்தப் பகுதியை நன்றாகத் தெரிந்தவர் என்று சொன்னீர்கள். பார்சலைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கேட்டீர்கள். கூரியர்காரரைச் சொன்னேன். நான்கு நாள் அவரை உள்ளே வைத்திருந்தீர்கள். வேலையும் போய்விட்டதாம். அதற்கு நான் பொறுப்பில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன்.

என் மனைவி ஒன்பது நாள் என்னிடம் பேசவில்லை. பத்தாவது நாள் துணி மடித்து வைக்கும்போது அலமாரியில் அந்தப் போன் கிடைத்திருக்கிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழைய பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்துவிட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சந்தேகம் வந்தால் சொந்தக்காரர் என்று பார்க்காமல் தகவல் கொடுங்கள் என்று எங்கள் துண்டுப் பிரசுரத்தின் மூன்றாவது வரியில் இருக்கிறது. இத்தனை உறுப்பினர்களில் அதை ஒழுங்காகப் படித்தது அவள் ஒருத்திதான். ஆனால் விசில் ஊதியிருக்கலாம். முன்னறிவிப்பாக இருந்திருக்கும்.

வியாழக்கிழமை காலை என்ன நடந்தது என்று நீங்கள் இதோடு மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மறைக்க நினைக்கவில்லை, வரிசையில் விட்டுப்போனது.

காலை பத்தரைக்கு அவரை விடுவித்துவிட்டேன். ஆமாம். "விசாரணை முடிஞ்சுதும்மா. உங்க மேல தப்பில்லன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க போகலாம்" என்றேன். அவருக்குக் குரலே எழும்பவில்லை. ஆனாலும் பேசினார். "ரொம்ப நன்றிங்க ஐயா. நீங்க நல்லா இருக்கணும். உங்க குடும்பம் நல்லா இருக்கணும். உங்கள மாதிரி நியாயமா விசாரிக்கிறவங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணுவோம்" என்றார். அழுகையும் சிரிப்புமாகச் சொன்னார். செருப்பை மாட்டும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளை நீக்கும் சத்தமும் கேட்டது. மருந்துக் கடைக்குத்தான் கிளம்பியிருப்பார்.

முப்பத்தொரு வருஷம் புகார்ப் பிரிவில் இருந்திருக்கிறேன். யாருக்காவது நல்லபடியாக முடிந்தால் அவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை, மேடம். தண்ணீர் வந்துவிட்டால் யார் ஜன்னலுக்கு வருவார்கள்?

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றேன். "ஒரு கையெழுத்து பாக்கி இருக்கு. பெரியவர் மத்தியானம் வந்துதான் போடுவார். அதுவரைக்கும் உள்ளயே இருங்க."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "சரிங்க ஐயா" என்றார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

அந்த நன்றியை இன்னொரு தடவை கேட்க வேண்டும்போல இருந்தது. மூன்று மணிக்கு மறுபடியும் விடுவித்தால் மறுபடியும் சொல்வார் அல்லவா, அதற்காகத்தான். ஆளைக் கொல்லும் எண்ணம் எனக்கு அறவே இல்லை. நான்தான் செய்தேன், வேறு யாரும் இல்லை, எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

அவரிடம் ஒரு பைசா கேட்கவில்லை. வீட்டில் ஒரு பொருளைத் தொடவில்லை. கதவுக்குப் பூட்டுப் போட்டு வைத்தவனும் நானில்லை, தாழ்ப்பாள் அவர் பக்கத்தில்தான் இருந்தது. இதில் தப்பு எந்த இடத்தில் நுழைந்தது என்று உங்களுக்குத் தெரிந்தால் கொஞ்சம் சொல்லுங்கள், மேடம். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் மற்றவர்களை எச்சரித்து வைக்கிறேன்.